சுழல மறுக்கும் சலவை இயந்திரம்



மழைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் கவலைகளுள் ஈர உடுப்பைப் பற்றிய கவலை சிறியதன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மூடிக்கொண்டால், முற்றத்தில் கட்டிய கொடியினால் பயன் இல்லை. விறாந்தையிலும் அறைக்குள்ளும் கயிறு கட்டித்தான் உடுப்புகளை உலர்த்தவேண்டும். நாளைக் காலை பாடசாலைக்குப் போகவேண்டிய பிள்ளையின் வெள்ளைச் சட்டை இன்றிரவுக்குள் உலர்ந்தாகவேண்டும். அத்தகைய ஒரு மாலையில், சலவை இயந்திரம் உடுப்புகளைத் தோய்த்து, அலசி, இறுதியாகப் பிழிந்து தரவேண்டிய வேளையிலே அசையாமல் நின்றுவிடுகின்றது. மூடியைத் திறந்தால் உடுப்புகள் நீர் சொட்டச் சொட்டக் கிடக்கின்றன. படுக்கை விரிப்பு ஒன்றைத் தூக்கி முறுக்கிப் பிழிவதற்குள் முதியவர் ஒருவரின் மணிக்கட்டும் முதுகும் நோவெடுத்துவிடும்.

இந்த நிலையில் நம்மவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுகின்றனர். ஒரு சாரார் உடனே, 'இயந்திரம் பழுதாகிவிட்டது; இனிப் புதிது வாங்கவேண்டியதுதான்' என்று மனம் சோர்ந்து போகின்றனர். மற்றொரு சாரார் திருப்புளியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் முதுகைத் திறக்கத் தொடங்குகின்றனர். இரண்டுமே அவசரம். சுழல மறுக்கும் இயந்திரம் எப்பொழுதும் பழுதடைந்த இயந்திரமாக இருப்பதில்லை. பல வேளைகளில் அது நம்மைக் காப்பதற்காகவே மறுக்கின்றது. அந்த மறுப்பின் காரணத்தை அறிந்த பின்னரே திருத்தத்தைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். அக்காரணத்தை எந்த ஒழுங்கிலே தேடுவது, எவ்வளவு தூரம் நாமே திருத்தலாம், எந்த இடத்தில் நம் கையை எடுத்துவிடவேண்டும் என்பவற்றையே இன்றைய பேச்சில் விளக்க விரும்புகின்றேன்.

முதலில், சுழற்றிப் பிழிதல் என்றால் என்ன என்பதைச் சற்று நோக்குவோம். மழையில் நனைந்த குடையை வாசலில் நின்று சுழற்றினால் நீர்த்துளிகள் நாற்புறமும் சிதறுவதைக் கண்டிருப்பீர்கள். சலவை இயந்திரமும் அதனையே செய்கின்றது. துளைகள் நிறைந்த தொட்டி வேகமாகச் சுழலும்போது, உடுப்புகள் அதன் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. அவற்றிலுள்ள நீரோ துளைகள் வழியே வெளியேறிவிடுகின்றது.

எளிமையான செயல்தான், ஆனால் அதிலுள்ள வேகம் எளிமையானதன்று. 48 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொட்டி ஒன்று நிமிடத்துக்கு 1000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும். அதாவது, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் வண்டியின் வேகம், நம் குளியலறையின் ஒரு மூலையில் உண்டாகின்றது. சுவரோடு ஒட்டிய உடுப்பு ஒவ்வொன்றும் தன் எடையைப் போல ஏறத்தாழ 270 மடங்கு விசையுடன் தொட்டியை அழுத்துகின்றது. தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் அரைக் கிலோகிராம் ஈரத்துணி மிகையாகத் திரண்டுவிட்டால், அந்தப் பக்கம் 130 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் கட்டி இழுப்பதைப் போன்ற நிலை ஏற்படும். அந்த இழுப்பும் ஒவ்வொரு விநாடியும் பதினாறு பதினேழு தடவை திசைமாறிச் சுற்றிவரும்.

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் தானாகவே தோய்த்துப் பிழியும் வீட்டுச் சலவை இயந்திரத்தை விற்பனைக்கு விட்டபோது, அதனைத் தரையோடு சேர்த்து முடுக்கிவைக்க வேண்டியிருந்தது. இல்லையேல் அது அதிர்ந்து இடம்பெயர்ந்துவிடும். இன்றைய இயந்திரங்களைத் தரையோடு முடுக்குவதில்லை. உள்ளே விற்சுருள்களும் அதிர்வுதாங்கிகளும் உள்ளன. அவற்றுக்கும் மேலாக, நிலைமை சரியில்லையெனில் சுழலவே கூடாது என்று தடுக்கும் காவல்களும் உள்ளன.

அந்தக் காவல்கள் முக்கியமாக மூன்று. நீர் முழுவதும் வெளியேறியிருத்தல் வேண்டும். கதவு அல்லது மூடி மூடப்பட்டிருத்தல் வேண்டும். பாரம் சமமாகப் பரந்திருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெரும்பாலான இயந்திரங்கள் சுழல மாட்டா. ஆகவே, நம் தேடலும் இந்த மூன்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இவற்றை ஆராய்வதற்கு இயந்திரத்தைக் கழற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, செலவும் இல்லை.

அதற்கும் முன்னதாக ஒரு சிறு சோதனை. இயந்திரத்தின் முகப்பிலுள்ள தெரிவுகளைப் பாருங்கள். மென்மையான துணிகளுக்குரிய சில தெரிவுகளில் பிழிதல் மிக மெதுவாகவே நடைபெறும். சிலவற்றில் பிழிதலே கிடையாது. வீட்டிலுள்ள சிறுவன் ஒருவன் பொத்தானை அழுத்தி, பிழியும் வேகத்தைச் சுழியத்தில் வைத்திருக்கவும் கூடும். பிழிதலை மட்டும் தனியே தெரிந்தெடுத்து, மீண்டும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். முகப்பில் எழுத்தோ எண்ணோ மின்னினால் அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இயந்திரம் தன் நோயைத் தானே கூறும் மொழி. கைந்நூலில் அதன் பொருள் இருக்கும்.

இனி முதலாவது காவலாகிய நீரைக் கவனிப்போம்.

உள்ளே நீர் தேங்கி நிற்கின்றதா? நிற்குமாயின், சுழலாமை நோயன்று, நோயின் அறிகுறியே. நீர் போகாததுதான் நோய். கழிவுநீர்க் குழாய் மடிந்து நசுங்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். இயந்திரத்தைச் சுவரோடு நெருக்கித் தள்ளிவைக்கும்போது குழாய் நசுங்குவது பெருவழக்கு. அடுத்து, குழாயின் உயரத்தைப் பாருங்கள். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் நீரை மேலேற்றி வெளியே தள்ளும் பம்பி உண்டு. ஆகவே, அவற்றின் குழாயைக் கைந்நூலிற் கூறிய உயரத்தில் மாட்டிவைத்தல் வேண்டும். ஆனால் இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் பலவற்றிலும், மேற்புறம் திறக்கும் இயந்திரங்கள் சிலவற்றிலும் பம்பி இல்லை. நீர் தன் பாரத்தினாலேயே வழிந்தோடவேண்டும். அவற்றின் குழாயை ஒரு வாளியின் விளிம்பிலோ சுவரின் துவாரத்திலோ உயர்த்தி வைத்தால் நீர் எக்காலத்திலும் முழுவதும் வடியாது.

முன்புறக் கதவுள்ள இயந்திரமாயின், கீழ்ப்பகுதியில் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் வடி ஒன்று இருக்கும். நாணயக் குற்றி, கொண்டை ஊசி, சட்டைப் பின், பொத்தான், பிள்ளைகளின் சட்டைப் பையில் மறந்துபோன சிறு பொருட்கள் ஆகியன வந்து தங்கும் இடம் அதுவே. செருகியைக் கழற்றிய பின்னர், ஒரு தட்டையான பாத்திரத்தையும் பழந்துணியையும் கீழே வைத்துக்கொண்டு, வடியை மெதுவாகத் திருகித் திறக்கவேண்டும். கொதிநீரில் தோய்த்திருந்தால் நீர் ஆறும்வரை காத்திருங்கள். வடியை எடுத்த பின்னர், உள்ளே தெரியும் பம்பியின் சிறு சக்கரத்தில் தலைமயிரோ நூலோ சிக்கியிருக்கின்றதா என்று ஒரு கைவிளக்கினாற் பாருங்கள். இந்த ஒரு துப்புரவினாலேயே மறுபடி சுழலத் தொடங்கிய இயந்திரங்கள் மிகப் பல.

நீர் முழுவதும் போய்விட்ட பின்னரும் 'இன்னும் நீர் இருக்கின்றது' என்று இயந்திரம் எண்ணிக்கொள்வதும் உண்டு. அது எவ்வாறு? நீர்மட்டத்தை அறிவதற்காக, தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே செல்கின்றது. நீர் உயர உயர அக்குழாயிலுள்ள காற்று அமுக்கப்படும். அந்த அமுக்கத்தை உணரும் ஆளி ஒன்று, நீர் எவ்வளவு உள்ளது என்பதை அறிவிக்கும். சவர்க்காரத் தூளின் கசடும் சுண்ணாம்புப் படிவும் அம்மெல்லிய குழாயின் வாயை அடைத்துவிட்டால், அமுக்கம் குறையாது. ஆளி பொய் சொல்லும். இயந்திரமும் அதனை நம்பி நிற்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கற் பிரதேசங்களில், கிணற்று நீர் வன்னீராக இருப்பதனால் இதனை மறந்துவிடலாகாது. நுரை மிகுதியும் இதே போன்ற தொல்லையைத் தரும். தூளை அள்ளிக் கொட்டினால் அழுக்கு அதிகம் போகும் என்பது தவறான நம்பிக்கை. மிகுந்த நுரை பம்பியைத் தடுக்கும். சுழலும் தொட்டியையும் பிடித்து இழுக்கும். அந்நிலையில் தூள் சேர்க்காமல் ஒருமுறை வெறும் நீரில் அலசி, பின்னர் பிழியவிடுங்கள்.

இரண்டாவது காவல் கதவு.

மேற்புறம் திறக்கும் இயந்திரங்களிலே, மூடியின் கீழ் ஓர் ஆளி, அதாவது சுவிற்சு, இருக்கின்றது. மூடி சரியாக அமர்ந்தாலன்றி அது மின்சாரத்தைச் செல்லவிடாது. மூடியின் கீல் தளர்ந்தோ, ஆளியைத் தொடும் பிளாஸ்ரிக் முனை உடைந்தோ போனால், மூடி மூடப்பட்டதை இயந்திரம் அறியாது. முன்புறக் கதவுள்ள இயந்திரங்களிலோ கதவைப் பூட்டும் அமைப்பொன்று உண்டு. கதவு பூட்டப்படும் 'கிளிக்' என்ற ஒலி கேட்கின்றதா என்று உற்றுக் கேளுங்கள். கதவின் றப்பர் வளையத்தில் ஒரு காலுறையின் நுனி அகப்பட்டிருந்தாலும் பூட்டு விழாது.

நேயர்களே, இந்த இடத்தில் நான் சற்று அழுத்தமாகவே பேசவேண்டியுள்ளது. மூடியின் ஆளி பழுதாகிவிட்டால், அதனை ஒரு குச்சியினாலோ காந்தத்தினாலோ ஏமாற்றி இயக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கின்றது. கம்பிகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, 'இனித் தொல்லை இல்லை' என்று கூறிச் செல்லும் திருத்துநரும் உளர். அன்றைய தினம் உடுப்பு உலர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில், மூடி திறந்தபடியே மணிக்குப் பல கிலோமீற்றர் வேகத்திற் சுழலக்கூடிய தொட்டி ஒன்று இருக்கின்றது. அது எத்தகையது என்பதை ஐந்து வயதுக் குழந்தை அறியாது. சுழலும் துணியில் ஒரு கை சுற்றிக்கொண்டால், அதனை விடுவிப்பதற்கு மனித விசை போதாது. ஆளி ஒன்றின் விலை மிகச் சிறியது. அதனை மாற்றும்வரை கையாற் பிழிவது மேல்.

மூன்றாவது காவல் சமநிலை.

இயந்திரம் சுழலத் தொடங்குகின்றது, சற்று அதிர்கின்றது, நின்றுவிடுகின்றது. மீண்டும் நீரை எடுத்து உடுப்புகளைக் கலைத்துப் பார்க்கின்றது, மீண்டும் நிற்கின்றது. இதனைக் கண்டால், பாரம் ஒரு பக்கத்திற் சேர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். தனியே ஒரு பெரிய துவாய், தனியே ஒரு போர்வை, நீரை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கால்மிதி ஆகியவற்றைத் தனியாகத் தோய்க்கும்போது இது மிகுதியாக ஏற்படும். தனிப் பாரத்துக்குத் துணை வேண்டும். மேலும் இரண்டொரு துவாய்களைச் சேர்த்தால் எதிர்ப்பக்கமும் நிரம்பும். மாறாக, தொட்டியைத் திணித்து நிரப்பினாலும் உடுப்புகள் பரவ இடமின்றி ஒரே கட்டியாகிவிடும். சேலையும் படுக்கை விரிப்பும் மற்ற உடுப்புகளைச் சுற்றிப் பந்தாகத் திரண்டுவிடுவது வழக்கம். அவற்றைக் கையாற் பிரித்து, தொட்டியைச் சுற்றிச் சமமாகப் பரப்பி வையுங்கள்.

இயந்திரம் நிற்கும் தளமும் நேராக இருத்தல் வேண்டும். ஒரு மூலையைக் கையால் அழுத்தும்போது அது ஆடினால், அடியிலுள்ள காலைத் திருகி உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்யலாம். முன்புறக் கதவுள்ள இயந்திரம் புதிதாக வந்திறங்கியதாயின், கொண்டுவரும்போது தொட்டி அசையாதிருக்கப் பின்புறத்திற் பூட்டிய நீண்ட ஆணிகள் கழற்றப்பட்டனவா என்று கேட்டறியுங்கள். அவற்றைக் கழற்றாமல் இயக்கினால் வீடே அதிரும்; இயந்திரமும் கெடும்.

இம்மூன்று காவல்களையும் சோதித்து, குறை ஒன்றும் காணாத பின்னரே பழுது என்ற சொல்லை நாம் பயன்படுத்தவேண்டும். இப்பொழுது நமக்குக் கிடைக்கும் சிறந்த கருவிகள் இரண்டு: கையும் காதும்.

செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது, செருகியையே கழற்றவேண்டும். பின்னர், வெறுமையான தொட்டியைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். அது இறுகி அசைய மறுக்கின்றதா, அளவோடு சுழல்கின்றதா, அல்லது எவ்விதத் தடையுமின்றிக் காற்றாடிபோல ஓடுகின்றதா? முன்புறக் கதவுள்ள இயந்திரத்திலே தொட்டி மிக இலகுவாக ஓடி, இயக்கும்போது மோட்டாரின் ஒலி மட்டும் கேட்குமாயின், மோட்டாரையும் தொட்டியையும் இணைக்கும் றப்பர்ப் பட்டி கழன்றோ அறுந்தோ போயிருக்கலாம். பட்டியின் மீது அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதே எண்ணுள்ள பட்டியையே வாங்கவேண்டும். பட்டி இல்லாமல் மோட்டாரின் அச்சு நேராகவே தொட்டியைச் சுழற்றும் இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

தொட்டியைக் கையாற் சுழற்றும்போது கரகரவென்ற ஒலி எழுந்தாலும், முன்பெல்லாம் பிழியும்போது விமானம் எழுவது போன்ற இரைச்சல் கேட்டிருந்தாலும், அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது எனலாம். நீர் கசிந்து உள்ளே புகுந்து, துருப்பிடித்தலே இதன் வழக்கமான காரணம். பேரிங் விலை குறைந்தது. ஆனால் அதனை மாற்றுவதற்கு இயந்திரம் முழுவதையும் கழற்றவேண்டும். ஆகவே கூலி மிகும். இரைச்சல் தொடங்கிய உடனேயே கவனித்தால் அச்சைக் காப்பாற்றலாம். தாமதித்தால் அச்சும் தேய்ந்து, செலவு பன்மடங்காகும்.

இனிக் காதின் வேலை. பிழியத் தொடங்கும் வேளையில் மோட்டார் உறுமுகின்றது, ஆனால் அசையவில்லை என்றால், மேற்புறம் திறக்கும் இயந்திரங்களிலும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களிலும் முதலிற் சந்தேகிக்கவேண்டியது கொள்ளளவியை. கடைத்தெருவில் இதனைக் கப்பாசிற்றர் என்பர். நிலையாக நிற்கும் மோட்டாருக்கு முதல் உந்துதலைக் கொடுப்பது இதுவே. இது நாட்செல்ல வலுவிழக்கும். சிலபோது வீங்கியும் காணப்படும். விலை மலிவானது; மாற்றுவதும் எளிது. ஆயினும், செருகியைக் கழற்றிய பின்னரும் இது தன்னுள் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்திருக்கும் என்பதை மறவாதீர்கள். அதனை முறைப்படி வெறுமையாக்கத் தெரிந்தவரே தொடவேண்டும். மின் இணைப்பு உள்ளபோது தொட்டியைக் கையால் தள்ளி ஓடவைத்துப் பார்க்கும் சோதனையை எவரும் செய்தலாகாது.

முன்புறக் கதவுள்ள இயந்திரங்களிற் பழைய வகை மோட்டார்களில், காபன் தூரிகைகள் இரண்டு உள்ளன. மென்மையான இக்கரித்துண்டுகள், சுழலும் பகுதியோடு உராய்ந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்கின்றன. பென்சில் தேய்வதைப் போல இவையும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். இடையிடையே ஓடுதல், தோய்க்கும்போது ஓடிப் பிழியும்போது நிற்றல், எரிந்த வாடை, இறுதியில் முற்றாக அமைதி ஆகியன அவற்றின் அறிகுறிகள். ஒன்று மட்டும் குட்டையாகிவிட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். தூரிகை தேய்ந்த மோட்டாரை, 'மோட்டாரே எரிந்துவிட்டது' என்று கூறிக் கழித்துவிடுவது பெரும் நட்டம்.

நம் வீடுகளிற் பெருவழக்காக உள்ள இரட்டைத் தொட்டி இயந்திரத்தைப் பற்றித் தனியே சில சொற்கள். இதிலே பிழியும் தொட்டிக்குத் தடுப்பு, அதாவது பிறேக், உண்டு. மூடியைத் திறந்தால் அது தொட்டியைப் பிடித்து நிறுத்தும்; மூடியை மூடினால் ஒரு கம்பி அதனை இழுத்து விடுவிக்கும். அக்கம்பி நீண்டு தளர்ந்தாலோ அறுந்தாலோ, தடுப்பு எந்நேரமும் தொட்டியைப் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் உறுமும், தொட்டி அசையாது. பார்ப்பவர் மோட்டாரையோ கொள்ளளவியையோ குறை கூறுவர். உண்மையான குற்றவாளி ஒரு சிறு கம்பியாக இருக்கலாம். மேலும், பிழியும் தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஒரு கைக்குட்டையோ குழந்தையின் காலுறையோ நழுவி விழுந்து அச்சைச் சுற்றிக்கொள்வதும் உண்டு. பிழியும் உடுப்புகளின் மேல் வைப்பதற்கெனத் தரப்பட்ட வட்டத் தட்டை வைக்காமல் விடுவதே இதற்குக் காரணம். தோய்க்கும் தொட்டி ஒழுங்காக ஓடுகின்றது, பிழியும் தொட்டி மட்டும் ஓடவில்லை என்றால், வீட்டு மின்சாரத்திலே குறையில்லை என்பதும் தெளிவாகும். ஏனெனில் அவ்விரண்டுக்கும் தனித்தனி மோட்டார்கள் உள்ளன.

மேற்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரங்கள் பலவற்றிலே, நீர் வடியும் வாயிலைத் திறப்பதும், தொட்டியைச் சுழலும் நிலைக்கு மாற்றுவதும் ஒரே சிறு இழுவை மோட்டாரின் வேலையாகும். அது பழுதானால் நீரும் வடியாது, தொட்டியும் சுழலாது. இரண்டு குறைகள் ஒருங்கே தோன்றுவதால் பெரும் பழுது என்று அஞ்சவேண்டியதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

மின்னழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். நமது நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. ஆயினும், மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள கிராமங்களில் மாலை வேளையில் அது தாழ்ந்துவிடுவதுண்டு. இவ்வகை மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 180 வோல்ற்றாகத் தாழ்ந்தால், விசை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். பகலில் ஓடி, மாலையில் மட்டும் உறுமி நிற்கும் இயந்திரத்தைத் திருத்துநரிடம் கொண்டுசெல்லுமுன், வேறொரு நேரத்தில் இயக்கிப் பாருங்கள்.

உடலைத் தொடும்போது கையில் மின் துடிப்பை உணர்ந்தாலோ, பிழியத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வீட்டின் றிப் சுவிற்சு விழுந்தாலோ, அந்த நொடியே ஆராய்ச்சியை நிறுத்திவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடம் அது. றிப் சுவிற்சு பெரும்பாலும் 30 மில்லியம்பியர் என்னும் மிகச் சிறிய கசிவுக்கே விழுமாறு அமைக்கப்பட்டிருப்பது மனித இதயத்தைக் காப்பதற்காக. அதனைத் தவிர்த்து வேறு வழியாக மின் இணைப்புக் கொடுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். புவிக் கம்பி இணைக்கப்பட்ட மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துங்கள்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் எஞ்சியிருப்பது மின்னணுப் பலகை. கடைத்தெருவில் இதனைப் 'போட்' என்பர். ஈரமும் இடிமின்னலும் அதனைக் கெடுக்கும்; பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து குறுக்கிணைப்பை உண்டாக்கும்; எலி கம்பிகளைக் கடிக்கும். ஆயினும், பலகை என்பது நம் ஐயப்பட்டியலில் இறுதியாக வரவேண்டியது. துரதிர்ஷ்டவசமாக, சிலர் வாயில் அதுவே முதலாவதாக வருகின்றது. அவ்வாறு கேட்டால், திருத்த வந்தவரை மரியாதையோடு வினவுங்கள்: "தம்பி, என்ன சோதனை செய்து அப்படிச் சொல்லுறீர்கள்? பழைய உறுப்பை எனக்குக் காட்டிவிட்டுப் புதியதைப் போடுங்கோ." தொழிலறிந்தவர் இந்தக் கேள்வியை விரும்புவார், அளந்து காட்டுவார். அதேபோல நாமும் அவருக்கு உதவவேண்டும். 'ஓடவில்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், நீர் வடிந்ததா, பூட்டு விழுந்ததா, மோட்டார் உறுமியதா, என்ன எழுத்து மின்னியது என்று சொன்னால், அவர் வேலையில் பாதி முடிந்துவிடும். அவருடைய நேரத்துக்கும் அறிவுக்கும் உரிய கூலியைக் கொடுப்பதில் நாம் பின்நிற்கலாகாது. உறுப்பு மலிவானது என்பதனால், எந்த உறுப்பு என்று கண்டறிந்த அறிவும் மலிவாகிவிடாது.

திருத்துவதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி நம் நாட்டவருக்கு வெறும் கணக்கு மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியபோது, இறக்குமதிப் பொருட்கள் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றன. அக்காலத்தில் வீட்டிலிருந்த பழைய இயந்திரத்தைத் திருத்தி ஓடவைத்தவரின் அருமையைப் பலர் உணர்ந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, சலவை இயந்திரமொன்றின் முக்கிய உதிரி உறுப்புகள், அவ்வகையின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னரும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைத்தல் வேண்டும். புதிய இயந்திரம் வாங்கும் நாமும், நிறத்தையும் பொத்தான்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், 'இதற்கு உறுப்புகள் எங்கே கிடைக்கும், எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்?' என்று கேட்டு வாங்குதல் நன்று. இயந்திரத்தின் பின்புறத்திலுள்ள வகை எண்ணைக் குறித்து, கைந்நூலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்கின்றேன். முதலில் தெரிவைப் பாருங்கள். அடுத்து நீர், கதவு, சமநிலை என்ற மூன்று காவல்களையும் ஒழுங்காகச் சோதியுங்கள். அதன் பின்னர், செருகியைக் கழற்றிவிட்டுக் கையாற் சுழற்றிப் பாருங்கள். இயக்கும்போது காதாற் கேளுங்கள். பட்டி, தடுப்புக் கம்பி, தூரிகை, கொள்ளளவி, பேரிங், பலகை என்று மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கியே செல்லுங்கள். திருப்புளி தேவைப்படும் இடத்தில், தொழில் தெரிந்தவரை அழையுங்கள். எக்காரணம் கொண்டும் காவலை ஏமாற்றி இயக்காதீர்கள்.

மழைக்காலம் வருமுன், ஓய்வான ஒரு பகற்பொழுதில் வடியைத் திறந்து துப்புரவு செய்து, குழாயையும் மூடியின் ஆளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. வீட்டிலுள்ளோரின் கைகளுக்கும் முதுகுக்கும் அது செய்யும் உபகாரம் பெரிது.